தண்ணீர் புகும் இடம்: டெல்டாவில் அமிலக் குழாயும் ஃபிளாஞ்சும்

98 சதவீதக் கந்தக அமிலம் சாதாரண எம்.எஸ். (மென்எஃகு) குழாயில் ஆண்டுக்கணக்கில் ஓடும். அதையே தண்ணீர் கலந்து 60 சதவீதமாக்கி அதே குழாயில் விட்டால், சில வாரங்களில் குழாய்ச் சுவர் கரைந்து ஓட்டை விழும். உலர்ந்த குளோரின் வாயு எஃகுக் குழாயில் அமைதியாகப் போகும். கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் எஃகை அரித்துத் தீர்த்துவிடும். ஈரக் குளோரினுக்கு டைட்டானியம் அருமையான உலோகம். அந்த டைட்டானியத்தை உலர்ந்த குளோரினில் வைத்தால் தீப்பற்றி எரியும். பெயர் ஒன்றுதான். எந்த உலோகம் பிழைக்கும், எது சாகும் என்று தீர்மானிப்பது தண்ணீர்.

காவிரி டெல்டாவில் ஆலைக் குழாய் வேலை செய்கிறவர்கள் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும். இங்கே தண்ணீர் எல்லாத் திசையிலும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஒரு பக்கம். நாகை, காரைக்கால், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று. கடலோரத்தில் போர்வெல் போட்டால் பல இடங்களில் உவர் தண்ணீர்தான் வருகிறது. ரசாயனம் பெரிய ரசாயன ஆலைகளில் மட்டும் இருப்பதாக நினைக்க வேண்டாம். சர்க்கரை ஆலை, டிஸ்டில்லரி, மின்நிலையம் என்று பெரிய பாய்லர் இருக்கும் இடமெல்லாம் டி.எம். பிளான்ட் (தண்ணீரிலுள்ள உப்புகளை நீக்கும் பிரிவு) இருக்கும். டி.எம். பிளான்ட் இருந்தால் பெரும்பாலும் ஒரு அமிலத் தொட்டியும் ஒரு காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) தொட்டியும் இருக்கும். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் குளோரின் அல்லது ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்). இவை எல்லாமே சின்ன குழாய்கள். இரண்டு இன்ச், மூன்று இன்ச். சின்னதுதானே என்று யாரும் கணக்குப் போடாமல் விடுவதால்தான் இவை அதிகம் ஒழுகுகின்றன.

டேட்டா ஷீட்டில் பெரும்பாலும் ஒரே வரி இருக்கும்: "சல்ஃபியூரிக் ஆசிட், 98 சதவீதம், சாதாரண வெப்பநிலை." இதை வைத்து மெட்டீரியல் தேர்வு செய்யக் கூடாது. செறிவு அதிகபட்சம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு, கழுவும் நாளில் உள்ளே என்ன போகும், நிறுத்தி வைக்கும் மாதங்களில் குழாய் நிரம்பி இருக்குமா, காலியாக இருக்குமா, வெப்பநிலை வெயிலில் எங்கே போகும், ஓட்டத்தின் வேகம் என்ன, சரக்கில் குளோரைடோ இரும்போ கலந்திருக்கிறதா என்று உற்பத்திப் பிரிவில் போய்க் கேட்க வேண்டும். அரைகுறை நாள்கள்தான் குழாயைத் தின்கின்றன. ஒழுங்காக ஓடும் நாளுக்கு மட்டும் குழாய் போட்டால், கழுவின மறுநாளே பிரச்சினை தொடங்கும்.

கந்தக அமிலத்தையே ஒரு முழு உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 20 டன் டேங்கர் வருகிறது, ஒரு மணி நேரத்தில் இறக்க வேண்டும். 98 சதவீத அமிலத்தின் அடர்த்தி 1.84, 20 டன் என்பது சுமார் 10.9 கன மீட்டர். இரண்டு இன்ச் ஷெட்யூல் 80 (ஷெட்யூல் என்பது சுவர்க் கனத்தின் வகை) குழாயின் உள்விட்டம் 49 மி.மீ. சொச்சம். மணிக்கு 11 கன மீட்டர் அதில் போனால் வேகம் நொடிக்கு 1.6 மீட்டர். இது கூடாது. எம்.எஸ். குழாயை அமிலத்திடமிருந்து காப்பாற்றுவது உள்சுவரில் படியும் மெல்லிய இரும்பு சல்பேட் படலம். நொடிக்கு 0.9 மீட்டரைத் தாண்டினால் அந்தப் படலம் வழித்துக்கொண்டு போய்விடும். 40 டிகிரிக்கு மேல் போனாலும் நிற்காது. மூன்று இன்ச் ஷெட்யூல் 80 போட்டால் உள்விட்டம் 73.7 மி.மீ., வேகம் 0.72 மீட்டர். எனவே மூன்று இன்ச்.

இப்போது சுவர்க் கனம். பம்பை மூடிய வால்வுக்கு எதிராக ஓட்டினால் 40 மீட்டர் தூக்கும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரென்றால் 3.9 பார்; அமிலம் 1.84 மடங்கு கனம், எனவே 7.2 பார். தண்ணீர் பம்பின் கணக்கை அப்படியே எடுத்து வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. டிசைன் அழுத்தம் 10 பார் என்று வைப்போம். ஏ106 கிரேடு பி என்ற தர எஃகுக் குழாய்க்கு, 138 மெகாபாஸ்கல் அனுமதி அழுத்தத்தில், மூன்று இன்ச்சுக்குத் தேவையான கனம் 0.32 மி.மீ. மட்டுமே. நகத்தின் கனம்கூட இல்லை. அரிப்புக்கு 3 மி.மீ. சேர்த்தால் 3.32. குழாய் உற்பத்தியில் 12.5 சதவீதம் மெலிந்து வரலாம் என்பதால் 0.875-ஆல் வகுத்தால் 3.8 மி.மீ. ஷெட்யூல் 40-இல் 5.49 மி.மீ. இருக்கிறது, கணக்குப்படி போதும். ஆனாலும் 7.62 மி.மீ. உள்ள ஷெட்யூல் 80-ஐத்தான் போட வேண்டும். எல்போவிலும் வெல்டுக்கு அடுத்தும் அரிப்பு சராசரியைவிடப் பல மடங்கு இருக்கும். அழுத்தம் கேட்டது கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மீதி ஏழு மில்லிமீட்டரும் அமிலம் கேட்பது. ரசாயனக் குழாயில் பெரும்பாலும் இப்படித்தான்.

இந்தக் குழாயில் டெல்டாவுக்கே உரிய இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, தொட்டியின் வென்ட் (காற்று போய்வரும் வாய்) வழியாக ஈரக்காற்று உள்ளே போவது. அடர் அமிலம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பாதி காலியான குழாயின் மேல்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய அமிலப் படலம் நீர்த்துப்போய் அங்கே இரும்பைத் தின்னத் தொடங்கும். அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் குழாயின் உச்சியை ஒட்டியே நகர்ந்து படலத்தைக் கீறிக்கொண்டு போகும். அறுத்துப் பார்த்தால் கடிகாரத்தின் 12 மணி இடத்தில் நீளவாட்டில் வாய்க்கால் வெட்டியது போல் தெரியும். எனவே வென்டில் சிலிக்கா ஜெல் பிரீதர் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் கூடு) வைத்து, ஜெல் நிறம் மாறுகிறதா என்று மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். குழாயை முழுதும் நிரப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் முழுதும் வடித்துவிட வேண்டும். பாதியில் விடக் கூடாது. இரண்டாவது, தண்ணீர் நிரப்பி அழுத்தம் பிடித்துப் பார்க்கும் சோதனைக்குப் பிறகு பள்ளத்தில் தங்கிவிடும் தண்ணீர். அதன்மேல் முதல் அமிலம் வரும்போது சூடும் நீர்த்த அமிலமும் ஒரே இடத்தில் உண்டாகின்றன. சோதனை முடிந்ததும் வடித்து, எண்ணெய் இல்லாத உலர் காற்றை மணிக்கணக்கில் ஊத வேண்டும். கடைசி ஃபிளாஞ்சில் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டு) கண்ணாடித் துண்டைக் காட்டி, பனி பிடிக்கவில்லை என்று பார்த்த பிறகே அமிலம்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு எம்.எஸ். என்ற பேச்சே கிடையாது. 30 முதல் 33 சதவீத அமிலம் எம்.எஸ்.ஸையும் தின்னும், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வகைகளான 304-ஐயும் தின்னும், 316-ஐயும் தின்னும். "எஸ்.எஸ். போட்டிருக்கிறோம்" என்று நிம்மதியாக இருப்பவர்களை இந்த அமிலம்தான் அதிகம் ஏமாற்றுகிறது. ரப்பர் லைனிங் (உள்உறை), பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) லைனிங், வினைல் எஸ்டர் எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழைப் பிளாஸ்டிக்), பி.பி., சி.பி.வி.சி. பிளாஸ்டிக் — இவற்றில் ஒன்று. லைனிங் குழாய் எடுத்தால் தளத்தில் அறுக்க முடியாது, ஒட்ட முடியாது. அளவைத் தளத்தில் நேரில் எடுத்து ஸ்பூல் (பட்டறையில் செய்து வரும் குழாய்த் துண்டு) வரைந்து அனுப்ப வேண்டும். மூலையில் ஒரு ஸ்பூலையாவது எல்லாம் வந்த பிறகு அளந்து செய்யும்படி விட்டுவைப்பது நல்லது. லைனிங் செய்த குழாயின்மேல் சப்போர்ட்டுக்காக வெல்டிங் வைத்தால் உள்ளே டெஃப்லான் கருகிவிடும், வெளியே தெரியாது. எஃகு உறையில் சின்ன துளைகள் இருக்கும். லைனிங் வழியாக ஊடுருவும் வாயு வெளியேற வைத்தது அது. பெயின்டர் அந்தத் துளையை அடைத்துவிடுவார். அடைத்தால் வாயு உள்ளே சேர்ந்து லைனிங் உப்பிக் குழாயை மூடிவிடும். பெயின்ட் அடிக்கும் முன் துளையில் ஒரு குச்சியைச் செருகி வைக்கச் சொல்லுங்கள், முடிந்ததும் பிடுங்கிவிடலாம்.

பிளாஸ்டிக் குழாயில் வெயிலை மறந்துவிடுகிறோம். ஷெட்யூல் வகை பி.வி.சி. குழாயில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் 23 டிகிரிக்கு. 38 டிகிரியில் அதில் 62 சதவீதம்தான் மிஞ்சும், 49-இல் 40 சதவீதம், 60-இல் 22. சித்திரை வைகாசி வெயிலில் பைப் ரேக்கில் கிடக்கும் சாம்பல் நிறக் குழாய் 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சி.பி.வி.சி. இதைவிட மேல், 60 டிகிரியில் பாதி தாங்கும். இன்னொன்று: பி.வி.சி. ஃபிளாஞ்சில் "கிளாஸ் 150 டிரில்லிங்" என்று எழுதியிருந்தால் துளைகள் பொருந்தும் என்று மட்டும்தான் பொருள். எஃகு ஃபிளாஞ்சின் கிளாஸ் 150 என்ற அழுத்த வகுப்புக்கு உள்ள 19.6 பார் அதற்குக் கிடையாது. பொதுவாக 23 டிகிரியில் 10 பார்தான்.

காஸ்டிக் லை (காஸ்டிக் கரைசல்) நல்ல பிள்ளை போல் இருக்கும். 48, 50 சதவீத லை சாதாரண வெப்பநிலையில் எம்.எஸ். குழாயில் எந்தத் தொல்லையும் தராது. 50 டிகிரிக்குக் கொஞ்சம் கீழிருந்தே கதை மாறும்: வெல்டிங்கில் தங்கிய இழுவிசையும் சூடான காஸ்டிக்கும் சேர்ந்தால் வெல்டு ஓரத்தில் விரிசல் விடும். அதற்கு மேல் சூடு போகும் குழாய் என்றால் வெல்டுகளைச் சுமார் 620 டிகிரியில் சூடாக்கி இழுவிசை நீக்க வேண்டும். 80 டிகிரியைத் தாண்டினால் நிக்கல் பற்றி யோசிக்க வேண்டும். இங்கே குளிரில் லை உறையும் பயம் இல்லை. எனவே ஸ்டீம் டிரேசிங் (குழாயைச் சூடாக வைக்க ஒட்டி ஓடும் நீராவிக் குழாய்) போட வேண்டிய அவசியமே டெல்டாவில் இல்லை. வட இந்தியாவில் போட்ட வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கேயும் ஸ்டீம் டிரேசிங் சுற்றுவது விரிசலுக்கு நாமே காசு கொடுப்பது. சர்க்கரை ஆலைகளில் எவாப்பரேட்டர் குழாய்களைக் காஸ்டிக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்கிறார்கள். லை மிச்சம் இருக்கும் குழாயை ஸ்டீம் விட்டு ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் அங்கே உண்டு. அந்த ஊதல்தான் விரிசலின் பிறப்பிடம். முதலில் தண்ணீர் விட்டு நன்றாக அலசி, பி.ஹெச். பார்த்து, பிறகே ஸ்டீம். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) குழாய், அலுமினியம், பித்தளை வால்வு எதையும் காஸ்டிக் பக்கம் சேர்க்கக் கூடாது. துத்தநாகமும் அலுமினியமும் கரைந்து ஹைட்ரஜன் கிளம்பும்.

ஹைப்போவுக்கு ஒரே ஒரு விஷயம், ஆனால் அதைச் செய்யாமல் விட்டால் வால்வு வெடிக்கும். சோடியம் ஹைப்போகுளோரைட் தானாகவே மெல்லச் சிதைந்து ஆக்சிஜனை விடும். வெயிலில் வேகமாக, நிக்கல், கோபால்ட், தாமிரம் பட்டால் இன்னும் வேகமாக. சாதாரண பால் வால்வை (உள்ளே துளையுள்ள உருண்டை திரும்பி மூடும் வால்வு) மூடினால் உருண்டைக்குள் கொஞ்சம் ஹைப்போ சிறைப்படும். அதிலிருந்து கிளம்பும் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை. உருண்டையில் ஒரு பக்கம் சின்ன துளை போட்ட வால்வு கேட்டு வாங்கி, துளை தொட்டிப் பக்கம் பார்க்கும்படி மாட்ட வேண்டும். திருப்பி மாட்டினால் மூடிய வால்வில் அந்தத் துளை வழியாக உள்ளே இருக்கும் ஹைப்போ அழுத்தத்தோடு வேலை நடக்கும் பக்கம் வந்துவிடும்.

இனி ஃபிளாஞ்ச். தளத்தில் "150 பவுண்டு ஃபிளாஞ்ச்" என்று சொல்லிப் பழகிவிட்டோம், அதனால் 150 பி.எஸ்.ஐ. தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வகுப்பின் பெயர். ஏ.எஸ்.எம்.இ. பி16.5 என்ற அமெரிக்கத் தர அட்டவணைப்படி ஏ105 எஃகில் கிளாஸ் 150 ஃபிளாஞ்ச் 38 டிகிரியில் 19.6 பார் தாங்கும், அதாவது 285 பி.எஸ்.ஐ. 100 டிகிரியில் 17.7, 200 டிகிரியில் 13.8, 300 டிகிரியில் 10.2 பார். கிளாஸ் 300 முறையே 51.1, 46.6, 43.8, 39.8. சூடு ஏற ஏற ஃபிளாஞ்ச் இளகுகிறது. இந்த அட்டவணையைத் திறக்காமல் கிளாஸ் தீர்மானிக்கக் கூடாது.

மெட்டீரியல் மாறினாலும் எண் மாறும் என்பதுதான் அதிகம் தவறவிடப்படுவது. 316 ஃபிளாஞ்ச் கிளாஸ் 150-இல் 38 டிகிரிக்கு 19 பார். 316எல் என்றால் 15.9 பார்தான், 100 டிகிரியில் 13.3. கார்பன் குறைந்ததால் வலிமை குறைகிறது. எம்.எஸ். குழாயில் 17 பார் டிசைன் வைத்து ஓடிய வரியை (குழாய்த் தொடரை) "தரம் உயர்த்துகிறோம்" என்று 316எல்-க்கு மாற்றினால் ஃபிளாஞ்ச் கிளாஸ் பத்தாமல் போய்விடும். 316/316எல் என்று இரட்டைச் சான்றுள்ள ஃபிளாஞ்ச் கேட்டால் இந்தச் சிக்கல் தீரும். அதில் கார்பன் 316எல் அளவுக்குக் குறைவு, வலிமை 316 அளவுக்கு. சான்றிதழில் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவி மாலிப்டினத்தைக் காட்டும், 304-ஐயும் 316-ஐயும் பிரிக்கும். கார்பனைக் காட்டாது, எனவே 316-ஐயும் 316எல்-ஐயும் பிரிக்காது. அதற்கு ஹீட் நம்பரும் (எஃகு உருக்கிய தொகுதியின் எண்) மில் சான்றிதழும்தான் வழி.

டெல்டாவின் பழைய ஆலைகளில் இன்னொரு பொறி இருக்கிறது. பிரிட்டிஷ் டேபிள் இ ஃபிளாஞ்சுகள் இன்னமும் பழைய வரிகளில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு இன்ச் டேபிள் இ-க்கு வெளிவிட்டம் 152 மி.மீ., நான்கு போல்ட், எல்லாம் ⅝ இன்ச். இரண்டு இன்ச் கிளாஸ் 150-க்கும் 152 மி.மீ., நான்கு போல்ட், ⅝ இன்ச். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் போல்ட் வட்டம் ஒன்றுக்கு 114.3, மற்றதுக்கு 120.7 மி.மீ. துளை ஒட்டவில்லை என்றதும் ஃபிட்டர் கேஸ் கட்டிங் எடுத்துத் துளையை நீளமாக்கிவிடுவார். அப்புறம் போல்ட் சாய்ந்து நிற்கும், நட் விளிம்பில் மட்டும் உட்காரும், கேஸ்கெட்டில் (இரு முகங்களுக்கு நடுவே வைக்கும் அடைப்பு வளையம்) ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் காற்று. அமில வரியில் இது மன்னிக்க முடியாத வேலை. பழைய வரியோடு இணைக்கும் முன் போல்ட் வட்டத்தை அளந்து, ஒரு பக்கம் டேபிள் இ, மறுபக்கம் கிளாஸ் 150 கொண்ட மாற்று ஸ்பூல் செய்துகொள்ளுங்கள். திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் எந்த ஃபேப்ரிகேஷன் பட்டறையிலும் செய்யக்கூடிய சின்ன வேலைதான்.

எஃப்.ஆர்.பி. அல்லது வார்ப்பிரும்பு ஃபிளாஞ்சோடு எஃகு ஃபிளாஞ்சைச் சேர்க்கும்போது எஃகுப் பக்கமும் தட்டை முகம் இருக்க வேண்டும், கேஸ்கெட் முழு முகத்துக்கும் இருக்க வேண்டும். நடுவில் மேடுள்ள ரெய்ஸ்டு ஃபேஸ் மாட்டி இறுக்கினால் எஃப்.ஆர்.பி. கழுத்தில் முறியும். இறுக்கும்போது முறியாவிட்டாலும் மூன்று மாதத்தில் முறியும்.

கேஸ்கெட்டில் அமில வரிகளுக்கு விரிவாக்கிய பி.டி.எஃப்.இ. தான் என் முதல் தேர்வு. அது மெல்ல நசுங்கும் குணமுள்ளது; இறுக்கிய 24 மணி நேரத்துக்குப் பிறகு, வரி குளிர்ந்து, அழுத்தம் இல்லாத நிலையில், மறுபடி டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) பார்க்க வேண்டும். நைட்ரிக் போன்ற ஆக்சிஜனேற்றும் அமிலங்களுக்குக் கிராஃபைட் நிரப்பிய ஸ்பைரல் வுண்ட் (உலோகப் பட்டையைச் சுருளாகச் சுற்றிய) கேஸ்கெட் வேண்டாம். இறுக்கும் முன் இரண்டு முகங்களும் இணையாக இருக்கின்றனவா என்று அளக்க வேண்டும்: 200 மி.மீ. அகலத்துக்கு 1 மி.மீ. வரை சாய்வு, போல்ட் துளைகளில் 3 மி.மீ. வரை விலகல். அதற்கு மேல் இருந்தால் குழாயைச் சரிசெய்ய வேண்டும். போல்ட்டால் இழுத்துச் சேர்க்கக் கூடாது. குறுக்குக் குறுக்காக 30 சதவீதம், பிறகு 70, பிறகு 100, கடைசியில் வட்டமாக ஒரு சுற்று.

எஸ்.எஸ். குழாய்க்கு எஸ்.எஸ். போல்ட் என்று நினைப்பது இயல்பு, கடற்கரைக் காற்றில் இன்னும் இயல்பு. ஆனால் எஸ்.எஸ். போல்ட்டான பி8 கிளாஸ் 1 மென்மையானது. அதன் நெகிழ்வு வலிமை (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம்) 205 மெகாபாஸ்கல்; கலவை எஃகு பி7-க்கு 720. ஸ்பைரல் வுண்ட் கேஸ்கெட்டை உட்காரவைக்க அதற்குத் தெம்பு பத்தாது, போல்ட்டின் திருகுமறையும் ஒட்டிக்கொண்டு சிக்கிவிடும். டெஃப்லான் பூசிய பி7 ஸ்டட், 2ஹெச் நட், மறைக்குத் தரமான கிரீஸ், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மறைக்குப் பிளாஸ்டிக் தொப்பி. நாகைக் காற்றுக்கு இதுவே தாங்கும். தொப்பி போடாத போல்ட்டை இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு கழற்ற முடியாது. அறுக்கத்தான் வேண்டும், அமில வரியின் பக்கத்தில் நெருப்போடு.

கடைசியாகச் சோதனைத் தண்ணீர். எஸ்.எஸ். குழாயைச் சோதிக்கும் தண்ணீரில் குளோரைடு 50 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. கடலோர டெல்டாவின் போர்வெல்லில் அது நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தத் தண்ணீரை நிரப்பி, 15 பார் பிடித்து, கையெழுத்து வாங்கி, பிறகு இரண்டு மாதம் வடிக்காமல் விட்டால், வெல்டுக்கு அருகே ஊசிமுனைத் துளைகள் விழும். அமிலம் ஒரு சொட்டுக்கூடப் பார்க்காத புதுக் குழாய் ஒழுகும். வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும் மாதங்களில் ஆற்றுத் தண்ணீர் பரவாயில்லை என்று தோன்றும், அதையும் சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன் (குளோரைடை அளக்கும் சோதனை) செய்து பார்த்த பிறகே எடுக்க வேண்டும். அதில் உயிரிகள் உண்டு, தேங்கினால் அதுவும் குழி போடும். டி.எம். பிளான்ட் இருக்கும் ஆலையில் டி.எம். தண்ணீரையே கேளுங்கள். மூன்று இன்ச் குழாய் 100 மீட்டருக்குச் சுமார் அரை கன மீட்டர்தான் தேவைப்படும். கொடுக்க மறுக்கிறவரிடம் ஒரு ஸ்பூலின் விலையைச் சொன்னால் போதும்.

உள்ளே இவ்வளவு கவனம் எடுத்த எஸ்.எஸ். குழாய் வெளியே இருந்தும் விரிசல் விடும். 60 டிகிரிக்கு மேல் ஓடும் 304, 316 குழாயின் இன்சுலேஷனுக்குள் மழைத்தண்ணீரும் காற்றின் உப்பும் சேர்ந்தால் வெளிப்புறத்திலிருந்து நுண்விரிசல் விழும். குளோரைடு குறைந்த இன்சுலேஷன் வாங்க வேண்டும், அதன் அடியில் குழாய்மேல் அலுமினியத் தாளைச் சுற்ற வேண்டும், உறையின் சேர்ப்புகள் கீழ்நோக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி இருக்க வேண்டும். வால்வுக்கும் ஃபிளாஞ்சுக்கும் அருகே உறை முடியும் இடங்களில் மாஸ்டிக் (நீர் புகாமல் அடைக்கும் பசை) பூசியது பிளந்திருக்கிறதா என்று புரட்டாசியிலேயே, மழை தொடங்கும் முன், ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்க்க வேண்டும். ஏணி வைக்க வேண்டியிருந்தாலும் வைத்துப் பாருங்கள். தரையிலிருந்து பார்த்தால் உறையின் மேல்பக்கப் பிளவு தெரியாது, மழை இறங்குவது அந்தப் பக்கம்தான்.